முழு வருகைப் பரிசு

அன்பிற்குரிய துணைவிக்கு,

உன் முழங்கால் வலி தணிந்ததா? என் தாயாரின் இருமல் நின்றதா?

அங்கும் விஷக் காய்ச்சல் பரவுவதாகவும், பள்ளியை மூடலாமா என்று தலைமையாசிரியையான நீ தயங்குவதாகவும் எழுதியிருந்தாய். நேற்று இங்கே என் வகுப்பில் நடந்ததைக் கேள்.

கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி அப்படியே மேசைமேல் சாய்ந்தாள். தோளைத் தொட்டேன்; அனலாய்க் கொதித்தது.

"இந்த ஒடம்போட ஏம்மா வந்தே?"

"லீவு போட்டா முழு வருகைப் பரிசு போயிடும் சார். வாசல்ல சூடு பாத்துத் திருப்பி அனுப்பிடுவாங்கன்னு அம்மா மாத்திரை குடுத்துத்தான் அனுப்பினாங்க."

முதல்வரிடம் போய்ப் பள்ளியை மூடச் சொன்னேன்.

"ஒரு பொண்ணு தும்மினா ஊரையே பூட்டணுமா சார்? பரிசளிப்பு விழாவுக்குப் பந்தலே போட்டாச்சு!" என்று சிரித்தார்.

அவளுடன் ஒரே பெஞ்சில் இருந்த மூவரும் இன்று வரவில்லையாம். பரிசுக்குப் போட்டி குறைந்துவிட்டது; முதல்வர் மகிழலாம்.

விட்ட பாடத்தைப் பிறகு நடத்திக்கொள்ளலாம். இக்கடிதம் கண்டதுமே உன் பள்ளியை மூடிவிடு.

நான் விடுப்பு சொல்லிவிட்டு அறையில் இருக்கிறேன். லேசான உடம்புச் சூடுதான், பதறாதே. பழைய கம்பளிப் போர்வையை மட்டும் அனுப்பிவை. நெற்றியில் நானே கை வைத்துப் பார்க்கிறேன். கையும் சேர்ந்து சுடுவதால் ஒன்றும் தெரியவில்லை.

அவசரமாக,
உன்னவன்