என் கை பட்ட கிழங்கு

பிரியமுள்ள மதினிக்கு,

ஊருக்கு நாம் சம்பந்திகள். என் மகளை உங்கள் மகனுக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து எனக்கு நீங்கள் மதினிதான். ஒரு சேதி சொல்லணும். நீங்கள் கொடுத்த உருளை விதைக்கிழங்கு இந்தக் குஜிலியம்பாறை மண்ணில் விளைந்துவிட்டது!

ஐப்பசியில் மலையிலிருந்து கடைசியாக இறங்கி வந்தீர்களே, முளை ஒடிந்துவிடும் என்று கிழங்குப் பையை பஸ்ஸில் வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தீர்கள். நீட்டியபோது நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் போனபிறகு இங்கே யாரும் என்னை விதை போடக் கூப்பிடுவதில்லை. களை எடுக்கலாம், கடலை பிடுங்கலாம், விதைக்கூடை மட்டும் என் கைக்கு வராது.

"தாலி இல்லாதவ கை மதினி. வேற யாராச்சும் நடட்டும்."

"கெழங்குல கண்ணு இருக்குறது முளைக்கிறதுக்கு. உன் கழுத்தப் பாக்குறதுக்கா? பிடி இத!"

கல்யாணத்தன்றும் அப்படித்தானே. அடுப்படியில் ஒதுங்கி நின்றவளை இழுத்துப்போய், பிள்ளைகள் தலையில் அட்சதை போட வைத்தீர்கள். அன்றைக்கும் நன்றி என்று ஒரு வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை.

வெக்கை தணிந்து கார்த்திகை பிறக்கட்டும், அப்புறம் நடலாம் என்றீர்கள். அதற்குள் நெஞ்சுவலி வந்து நீங்களே போய்விட்டீர்கள். கருமாதி முடிந்து வந்து, பாதிக் கிழங்கை வெட்டிய கையோடு மண்சாக்குகளில் ஊன்றினேன். காலையும் மாலையும் தண்ணீர். காய்ந்த ஊர்க்காரி இல்லையா, தண்ணீர் இருந்தால் எதுவும் பிழைக்கும் என்று நினைத்தேன். தோண்டிப் பார்த்தால் எல்லாம் அழுகல் நாற்றம்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் எட்டிப் பார்த்தாள். "நாந்தேன் அப்பவே சொன்னேன்ல. கைராசின்னு ஒண்ணு இருக்குத்தா."

அன்றைக்கு ரொம்ப அழுதேன். உங்களுக்காக அழுதேனா, இந்தக் கைக்காக அழுதேனா, எனக்கே தெரியவில்லை. அழுது ஓய்ந்தபிறகுதான் உங்கள் பேச்சு ஞாபகம் வந்தது. "வெட்டுன வாய் காயணும். கெழங்குக்குள்ளயே தண்ணி இருக்கு, நீ ஊத்திக் கொல்லாத."

மிச்சத்தை வெட்டி, சாம்பல் தடவி, நிழலில் காய வைத்து நட்டேன். தண்ணீரைக் கை அடக்கித் தெளித்தேன். ஒருநாள் விடிகாலையில் மண் வெடித்து, சுருங்கின பச்சை இலை எட்டிப் பார்த்தது. ஓடிப்போய்ச் சொல்ல நீங்கள் இல்லையே மதினி. யாரிடம் சொல்லுவேன்?

செடி வளர வளர மண் அணைத்தேன். தை கடைசியில் இலை பழுத்ததும் சாக்கைக் கவிழ்த்தேன். உங்கள் மலைக்கிழங்கு மாதிரிப் பெரிசில்லை, எலுமிச்சை அளவுதான். சோற்றுக்கு வெஞ்சனம் வைத்துப் பாக்கியத்துக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்து தந்தாள். "உப்புத்தேன் செத்த கம்மி. வர்ற கார்த்திகைக்கு எனக்கும் ரெண்டு சாக்குல நட்டுக் குடு. நீயே வந்து நடு." கைராசி என்று சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அவள் வாய் அப்படித்தான். எனக்கு அது போதும்.

நேற்று மாப்பிள்ளை போன் பேசினார். "அத்தை, பங்குனியில நடவு. மொதக் கெழங்க அம்மாதான் போடும். இந்த வருசம் நீங்க வந்து போடணும்."

"என் கையாலயா மாப்ள?"

"அந்த வெக்கையிலயே வர வச்சுட்டீங்க. எங்க குளுருல வராதா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லி முடித்ததும் போனை என் மகளிடம் கொடுத்துவிட்டார்.

வாரேன் மதினி. பங்குனி பிறந்ததும் மேலே வாரேன். வெட்டின வாய் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் உங்கள் மண்ணில் வைப்பேன். இந்தத் தடவை கையைப் பின்னால் கட்டிக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளைப் பெற்ற மதினி