மீனுக்கு எரிந்த பச்சை விளக்கு

ஜனவரி 9

அன்புள்ள மூக்கிக்கு மாமா எழுதுவது,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நீ வாயில் வைப்பாய். "இவ மூக்கை வெச்சே பேர் வாங்கப் போறா பாரு" என்று உன் அம்மாவிடம் சொன்னவன் நான்தான். உனக்கு முதல் பென்சில் வாங்கித் தந்ததும் நான்தான். இப்போது அந்தப் பென்சில் கரியை ஒற்றை அணு கனத்துக்குத் தாளாக உரித்து, கெட்டுப்போன மீனைக் கண்டுபிடிக்கிறாய். நியாயமாகப் பார்த்தால் பாதிப் பெருமை எனக்குச் சேர வேண்டும்.

மீனைச் சோதிக்க நீ செய்து அனுப்பிய கருவிப் பெட்டி வந்து சேர்ந்தது. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு என் அக்காவுக்கு வாசனையே தெரியாமல் போய்விட்டதே என்ற கவலையை இன்றோடு விடு. வீட்டில் எந்நேரமும் சோதனைதான். நேற்று என் செருப்பிடம்கூடக் கருவியை நீட்டினாள், சிவப்பு எரிந்தது! மீன்காரர் தூரத்தில் பார்க்கும்போதே, "அம்மா, மெஷினோட வர்றீங்களா, சும்மா வர்றீங்களா?" என்று நடுங்குகிறார்.

போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன் அருமை மாமா


ஜனவரி 24

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் உரக்கப் படித்தேன். எங்கள் தலைவர்கூடச் சிரித்துவிட்டார். கருவியை மீனுக்கு மட்டும்தான் பழக்கியிருக்கிறேன். செருப்பெல்லாம் உங்கள் சொந்தச் சரக்கு என்று எனக்குத் தெரியாதா?

ஆனால் அம்மா மீனுக்கு வைத்துப் பார்க்கிறாள் இல்லையா? போனில் கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீ சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றுகிறாள். மீன் கெடும்போது கிளம்பும் வாயு பென்சில் கரியில் உரித்த அந்தக் கிராஃபீன் தாளில் பட்டால், அதில் ஓடும் மின்சாரம் மாறும். எவ்வளவு மாறினால் சிவப்பு எரிய வேண்டும் என்ற கோட்டைப் போட்டது நான். அதைத் தாண்டாவிட்டால் பச்சை. அந்தத் தாள் பதித்து, கருவியில் செருகும் ஒரு பட்டை ஒரு தடவைக்குத்தான் வரும். தீரத் தீர அனுப்புகிறேன். ஒவ்வொன்றையும் அவளுக்காகவே என் கையால் செய்கிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் மூக்கி


மார்ச் 2

என் கண்ணே,

புயலில் விமானங்கள் நின்றுபோய் நீ வர முடியாமல் போனது உன் குற்றம் இல்லை. அக்காவின் காரியங்கள் எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. வந்த கூட்டத்துக்குத் தெருவில் நிற்க இடமில்லை. கெட்ட மீனும் பலவீனமான இதயமும் சேர்ந்துகொண்டன என்று டாக்டர் சொன்னார்.

ஒன்று சொல்கிறேன், மனதை ஆற்றிக்கொள். அன்றைக்கும் அக்கா உன் கருவியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள். பச்சை எரிந்தது. "எம் பொண்ணே பக்கத்துல நின்னு சாப்பிடும்மான்னு சொல்ற மாதிரி இருக்குடா" என்றாள். கடைசி வரை நீ அவளோடுதான் இருந்தாய்.

மாமா


மார்ச் 15

மாமா,

பச்சை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மீனுக்குச் சிவப்பு எரிந்திருக்க வேண்டும். கோட்டை நான் தவறான இடத்தில் போட்டிருக்கிறேன். வாசனை தெரியாதவள் என்னை நம்பினாள். சாப்பிடு என்று நானே சொல்லியிருக்கிறேன்.

தலைவரிடம் சொல்லிவிட்டேன். வெளியே போன கருவிகளை எல்லாம் திரும்ப வாங்குகிறார்கள். நானும் வேலையை விடப் போகிறேன். மிச்சப் பட்டைகளை அனுப்பி வையுங்கள். எங்கே பிழை என்று பார்த்துவிட்டுப் போகிறேன். அதற்குப் பிறகு எனக்கு எழுத வேண்டாம். உங்கள் கடிதத்தைப் பிரிக்கும் தைரியம் இனி எனக்கு இல்லை.


மார்ச் 27

மூக்கி,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் படித்துவிடு.

கூட வரும் பெட்டியைப் பார். நீ அனுப்பிய பட்டைகள் அத்தனையும் உள்ளே இருக்கின்றன. மேலே நீ ஒட்டிய தாள்கூடக் கிழியவில்லை. அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால், நீ பட்டம் வாங்கிய போட்டோ பக்கத்தில் வைத்திருந்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள்.

"ஒண்ணைத் தொறந்துதான் பாரேன்க்கா" என்றேன்.

"போடா. ஒரு தடவை வெச்சா தீர்ந்துடுமாம். எம் பொண்ணு கண்ணு முழிச்சு செஞ்சதைப் போயி ஒரு துண்டு மீனுக்கா வீணாக்குவாங்க?"

நீ கையால் செய்கிறாய் என்று நான் போய்ச் சொன்ன பிறகு, தூசி துடைக்கக்கூட என்னை விடவில்லை. "அவகிட்ட சொல்லிடாதே, திட்டுவா" என்றாள். நான் சொல்லாமல் இருந்தது மட்டும் இல்லை, உனக்குச் செருப்புக் கதை எழுதினேன். உள்ளதை எழுதியிருந்தால் போனில் ஒரு அதட்டு போட்டிருப்பாய். நீ அதட்டினால் கேட்பாள். என் கதை எனக்கு இனித்தது, அதில் கிடந்துவிட்டேன்.

உன் கோட்டுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. வேலையை விடாதே. கோபத்தை என் மேல் வை. அதைத் தாங்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று இப்போதும் பீற்றிக்கொள்கிறேன்.

அவள் சாப்பிட்டபோது நான் அங்கே இல்லை. அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அந்த மீனை யாரும் சோதிக்கவில்லை, கண்ணே. பச்சை விளக்கு நான் எழுதியது.

மாமா