கீழே வைத்த காபி

அன்பு மருமகன் மர்சூக்குக்கு,

பெட்ரா மலைகளின் மன்னன், ஆறு கழுதைகளின் அதிபதி, உடைந்த தூண்களின் ஒரே வாரிசு, உன் தாய்மாமன் அவ்வாத் ஸலாம் சொல்லி எழுதுவது. எவனும் நம்பாத கதை ஒன்றை இதில் சொல்லப்போகிறேன் என்று என் தாடிமேல் சத்தியம் செய்கிறேன். நீயும் நம்பாதே. நம்பாமல் இருப்பதுதான் உனக்கு வசதி.

தொலைபேசியில் சொன்னால் உன் அம்மா காதில் விழும். உன் வீட்டு முகவரிக்கு எழுதினால் வேறு யாராவது பிரித்துவிடுவார்கள். அதனால்தான் நீ வேலை பார்க்கும் இடத்துக்கு அனுப்புகிறேன்.

போன வியாழக்கிழமை உன்னைப் போலவே ஒருவன் இங்கே இடிபாடுகளைப் பார்க்க வந்தான். மூக்கு நம் குடும்ப மூக்கு. அதன் நிழலில் நான்கு ஒட்டகம் படுத்துத் தூங்கலாம். இடது கட்டை விரலில் ஒட்டகம் கடித்த தழும்பு. கூட ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் அவளுடைய அப்பாவும். அவள் அவனை 'மார்க்' என்று கூப்பிட்டாள். பெயரில் பாதியை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்கிறார்களோ என்னவோ.

மலைப்படி ஏறிய களைப்பில் மூவரும் என் கூடாரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு நாற்பது மொழி தெரியும். முப்பத்தொன்பதில் 'வாங்க, உட்காருங்க' மட்டும். ஆங்கிலம் மட்டும் தேவைக்கு மேலேயே தெரியும். அதை அவன் மறந்துவிட்டான் போலிருக்கிறது.

இந்தக் குகைகளில் மனிதர்கள் நிஜமாகவே வாழ்ந்தார்களா என்று பெரியவர் கேட்டார். "ஆமா, ரொம்பப் பழைய காலத்துல. ஏதோ நாடோடிக் கூட்டம்" என்றான் அவன். என் முதுகுக்குப் பின்னால் இருந்த குகை எது தெரியுமா? அரசாங்கம் எங்களை மலைமேல் சிமெண்ட் வீடுகளுக்கு ஏற்றி அனுப்பும் முன், நான் பிறந்ததும் நீ பிறந்ததும் அதில்தான். நீ பிறந்து அழுத அழுகையில் இரண்டு தூண்கள் சாய்ந்தன. படித்தவர்கள் அதை நிலநடுக்கம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் நல்லவள். சிரித்த முகம். தன் கணவன் அம்மான் நகரத்துத் துணி வியாபாரியின் மகன் என்றும், பாவம், அப்பா அம்மா இருவருமே காலமாகிவிட்டார்கள் என்றும் என்னிடம் சொன்னாள். அப்பா போனது உண்மை. என் அக்கா ஹம்தா போனதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அன்று காலையில்தான் என் கழுதைகளை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். செத்தவளுக்கு நல்ல குரல்.

நான் வாயைத் திறந்தேன். அதே நொடியில் அவன், நான் ஊற்றிக் கொடுத்த காபியை, ஒரு வாய் கூடக் குடிக்காமல், பாயில் வைத்தான்.

சூடு ஆறட்டும் என்று வைத்ததாக அவர்கள் நினைத்திருப்பார்கள். நமக்கு அப்படியா? விருந்தாளி குடிக்காமல் கீழே வைத்தால் அவனுக்கு ஏதோ வேண்டும். கொடுத்தேன் என்று வீட்டுக்காரன் சொன்னால்தான் குடிப்பான். கேட்டவன் எதிரியாக இருந்தாலும் மறுக்கக் கூடாது. அவன் என்ன கேட்டான் என்று வாயால் சொல்லவில்லை. கண்ணால் சொன்னான்.

"உங்க காபியைக் குடிங்க விருந்தாளி" என்றேன்.

குடித்தான், மர்சூக். அம்மான் துணி வியாபாரி மகனுக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த ஒரு வாயில்தான் அவன் மாட்டிக்கொண்டான்.

கொடுத்த வாக்கு எனக்கு உடனே பாரமானது. கீழே ஹோட்டலில் தங்கப் பிடிக்கவில்லை, இந்த ஊர்க் குடும்பம் எதிலாவது இரண்டு நாள் இடம் கிடைக்குமா என்று அந்தப் பெண் கேட்டாள். இடமா? மலைமேல் ஒரு வீட்டில் ஓர் அறை பன்னிரண்டு வருடமாகக் காலியாக இருக்கிறது. அதில் ஒரு மெத்தை. அதற்குப் பன்னிரண்டாயிரம் ஆடுகள் கம்பளி கொடுத்தன. தினமும் அதை வெயிலில் போட்டு அடிக்கிற தூசியில் சவூதிவரை சூரியன் தெரிவதில்லை. ஆனால் அந்த வீட்டுக்காரி, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே ஆளைச் சொல்லிவிடுவாள். அதனால் மேலே வீடுகளில் தேள் இருக்கிறது என்றேன். ஆட்டுக்குட்டி அளவுத் தேள். போன வாரம் இரண்டு ஜெர்மானியர்களைப் பெட்டியோடு தூக்கிப்போனது என்றேன். அவள் சிரித்தாள். அவன்தான் அவசரமாக, "ஹோட்டலுக்கே போயிடலாம்" என்றான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அக்கா தினமும் கேட்பதைக் கேட்டாள்: "ஏன்டா, இன்னிக்கு நம்ம முகஜாடையில யாராச்சும் வந்தாங்களா?" வாழ்நாளெல்லாம் பொய்யை மூட்டை மூட்டையாக அவிழ்த்தவன் நான். அன்றைக்கு ஒரே ஒரு சொல் பொய் சொல்ல வேண்டியிருந்தது. "இல்ல." "உன் வாய்க்கு என்னடா ஆச்சு, இவ்வளவு சின்னதா பதில் சொல்ற?" என்றாள். அதன்பின் இன்றுவரை அதைக் கேட்கவில்லை.

மருமகனே, அவன் கேட்டதை நான் கொடுத்துவிட்டேன். இப்போது இந்தக் கடிதத்தை என் காபியாக உன் முன்னால் கீழே வைக்கிறேன். எனக்கு என்ன வேண்டும் என்று உனக்குத் தெரியும். அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா. தேளுக்குப் பயப்படாதவள் அவள் ஒருத்திதான். "குடி மாமா" என்று நீ சொல்லும்வரை தொட மாட்டேன். ஆறிப்போனாலும் பரவாயில்லை. நீ எந்தப் பெயரில் இருந்தாலும் அல்லாஹ் உன்னைக் காப்பாற்றட்டும்.

முன்பே சொன்னேன், இது நம்பக்கூடாத கதை. தூண் சாய்ந்தது பொய். தேள் பொய். நாற்பது மொழியும் பொய். வந்தவன் நீதான் என்று யாராவது சொன்னால் அதுவும் பொய்; கொடுத்த வாக்கு வாக்குதான்.

மெத்தை மட்டும் நிஜம். இன்றும் வெயிலில் போட்டிருக்கிறாள்.

உன் மாமன்,
அவ்வாத்