மச்சாளுக்கு முன்வரிசை

4 மே 2025, ஞாயிறு

பூசை முடிந்து தமிழ்ப் பாடகர் குழு ஒத்திகை. எல்லோருக்கும் முன்னால் கம்சனா மச்சாள் சொன்னது:

"கவிசா, உம்மடை குரல் ஆம்பிளைக் குரல் மாதிரிக் கிடக்கு. வீடியோ எடுக்கேக்கை நீர் வாயை மட்டும் அசையும், காணும்."

சிரித்தார்கள். அவளுடைய கணவன், என் சொந்த அண்ணன் கிறிஸ்ரியன், அவனும் சிரித்தான். நான் வாயை மட்டும் அசைத்தேன். ஏன் அசைத்தேன்? ஏன் எழும்பிப் போகவில்லை?

இதை விடமாட்டேன்.

8 மே, வியாழன்

வியாழக்கிழமைகளில் நான் பாடும் ஜெர்மன் குழுவில் இதே குரலுக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். அல்டோ, பெண்களின் கீழ்க்குரல். இன்று அங்கே ஒரு செய்தி. பெந்தெகொஸ்தேக்கு முதல்நாள் ஸ்டுட்கார்ட்டில் பாடகர் விழா. முடிவில் வேல்ஸ் நாட்டுக்காரர் தங்கள் ஊர் வழக்கப்படி 'கமன்வா கானி' நடத்துவார்களாம். மேடை இல்லை. பார்க்க மட்டும் வந்தவர் என்று எவரும் இல்லை. வந்தவர் எல்லோரும் குரல் வாரியாகப் பிரிந்திருந்து ஞானப்பாட்டுப் பாட வேண்டும். நடத்துபவர் நினைத்தால் ஒரு பக்கத்தைத் தனியே பாடச் சொல்வார்.

தனியே! உடனே மச்சாளின் முகம்தான் வந்தது. எங்கள் தமிழ்க் குழுவில் எல்லோருக்கும் ஒரே மெட்டு. அதற்குக் கீழே இன்னொரு வழி ஓடும் என்பதே அவளுக்குத் தெரியாது.

18 மே, ஞாயிறு

எங்கள் குழுவையும் விழாவுக்கு அழைத்துவிட்டேன். மச்சாளுக்கு ஒரே புழுகம், முகமெல்லாம் சிரிப்பு.

"எங்கை இருந்தால் வடிவாத் தெரியும்?"

"அல்டோ முன்வரிசை, மச்சாள். கமரா அங்கைதான் நிக்கும்."

பொய் இல்லை. கமரா அங்கேதான் நிற்கும். என்ன பாட்டு என்று கேட்டாள். "உங்களுக்குத் தெரிஞ்ச மெட்டுத்தான்" என்றேன். அதுவும் பொய் இல்லை.

27 மே

கறி தாளிக்கும்போதும் என் வழியைப் பாடிப் பார்க்கிறேன். ஒரு இடத்திலும் பிசகக்கூடாது.

7 ஜூன், சனி

நடந்தது!

மச்சாள் மயில்கழுத்து நிறச் சேலையில் முன்வரிசை நடுவில். பக்கத்தில் நான். மண்டபம் முழுக்கப் பாடும்வரை அவளுடைய மெட்டு மற்றச் சத்தத்தோடு கலந்துபோனது. பிறகு அந்த வேல்ஸ் மனிதர் கையை உயர்த்தினார். அல்டோ மட்டும்.

நாங்கள் கீழ்வழியில் போனோம். மச்சாள் மெட்டைப் பிடித்து மேலே போனாள், முழுத் தொண்டையில், தன்னந்தனியாக. பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் பாட்டை நிறுத்தி, கோபமே இல்லாமல், அருமையான குரல்தான், ஆனால் வேறு பக்கத்துக்கு உரியது என்றார். மண்டபம் சிரித்தது. அண்ணன் இந்த முறையும் சிரித்தான்.

"கவிசா, கொஞ்சம் உரத்துப் படியும். பிடிச்சுக்கொள்ளுறன்" என்று மச்சாள் என் காதுக்குள் கெஞ்சினாள். நான் குரலை இன்னும் தாழ்த்தினேன்.

பாட்டுப் பிடித்துவிட்டால் வேல்ஸ்காரர் கடைசிச் சரணத்தை விடமாட்டார்கள். திரும்ப, திரும்ப, திரும்ப. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் பார்த்தேன். மச்சாள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். கமரா நேரே அவள் முகத்தில்.

இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது, இனித்தது.

8 ஜூன், பெந்தெகொஸ்தே

மச்சாள் பூசைக்கு வரவில்லை. தலையிடியாம். நல்லாய் இடிக்கட்டும்.

22 ஜூன், ஞாயிறு

மச்சாள் வந்தாள். பின்வரிசையில் போய் நின்றாள்.

"நீர் உம்மடை கீழ்க்குரலிலை படியும். நான் இனி ஒண்டும் சொல்லமாட்டன்."

இதைக் கேட்கத்தானே இவ்வளவும் செய்தேன்? பாடினேன். ஆனால் மெட்டு எங்கே? இத்தனை வருடமும் மற்றவர்களை இழுத்துக்கொண்டு போனது அவள் குரல்தான். இன்று அவள் வாயை மட்டும் அசைத்தாள். மற்றவர்கள் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தே அடங்கிப் போனார்கள். மிஞ்சியது நானும் என் கீழ்வழியும். பூசைக்கு வந்திருந்த பவளம் அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"இந்தப் பிள்ளை என்ன பாட்டுப் படிக்குது?"

29 ஜூன், ஞாயிறு

பாட்டுக்கு முதல் மச்சாளிடம் போனேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"உரத்துப் படியுங்கோ மச்சாள். நீங்கள் படிக்காட்டில் என்ரை குரல் ஒண்டுக்கும் உதவாது."

"அண்டைக்குத் தெரிஞ்சுதானே என்னை அதிலை இருத்தினீர்?"

"ஓம்."

தலையை ஆட்டினாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பின்வரிசைக்குப் போனாள். பாட்டுத் தொடங்கியது. நான் திரும்பி அவள் வாயையே பார்த்துக்கொண்டு பாடினேன்.

அசைந்தது. ஒரு சொல் பிசகாமல், கடைசிச் சரணம் வரை அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் வரவில்லை.