வார்டுக்குப் போய்ச் சேராத இரத்த அறிக்கைகள்

அனுப்புநர்
ஆ. எவாஞ்சலின்,
த/பெ ஆல்பின்,
21-வது வட்டம், நெய்வேலி.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவ மற்றும் ஊரக நலப் பணிகள்,
கடலூர்.

பொருள்: கணினி இணைப்பு மாற்றத்துக்குப் பின் இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் வார்டுக்குச் சேராமல் நோயாளி இறந்தது – பழி என்மீது சுமத்தப்பட்டது – விசாரணை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய இணை இயக்குநர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

1. அருளொளி என்னும் தனியார் மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒப்பந்த முறையில் கணினி வேலை பார்த்து வந்தேன். நான் பதியும் முடிவு தானாகவே வார்டுக் கணினிக்குப் போய்விடும். இந்த இணைப்புகளுக்குப் பொறுப்பாளர் திரு. சைமன்ராஜ். அவர் என் அக்காள் சோபியாவின் கணவர். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவரே. தாங்கள் பிறர் மூலம் அறியும் முன் நானே தெரிவித்துவிடுகிறேன்.

2. கடந்த அக்டோபரில், டெங்குக் காய்ச்சலால் படுக்கைகள் நிரம்பிக் கிடந்த வாரத்தில், இணைப்புகள் மாற்றப்பட்டன. வார்டுக்குப் புதுக் கணினியும், அறிக்கைகள் போய்ச் சேர வேண்டிய புது முகவரி எண்ணும் (ஐ.பி.) வந்தன. மறுநாள் காலை செவிலியர் சாமியம்மாள் போனில், "ரிப்போர்ட் ஒண்ணுகூட வரலியேம்மா" என்றார். என் திரையிலோ ஒவ்வொன்றுக்கும் எதிரே "அனுப்பப்பட்டது" என்றே இருந்தது.

3. உடனே சைமன்ராஜ் அவர்களிடம் நேரில் சொன்னேன். சோதித்துப் பார்த்துவிட்டு, "லைன் நல்லா இருக்குது. எல்லாம் போய்கினுதான் இருக்குது, வார்டுல பாக்கத் தெரியல. நீ ஊரக் கூட்டாத எவா" என்றார். மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். ஆனாலும் மனம் கேட்காமல், மாலையில் மறுபடியும் அவரிடம் சொன்னேன். கேட்ட செவிலியர்களுக்கெல்லாம் முடிவுகளைப் போனிலேயே படித்துச் சொன்னேன்.

4. காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை செய்த வீராயி என்பவரைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. பழைய கணினியிலிருந்து புதியதில் ஏற்றப்பட்ட அவருடைய முந்தைய அறிக்கை வார்டுத் திரையில் இருந்ததே காரணம். அதில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) போதுமான அளவு இருந்தன. அன்று காலை நான் பதிந்த அறிக்கையில் அவை வெகுவாகச் சரிந்திருந்தன. பழையதையே புதியது என்று எண்ணி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மூக்கிலும் வாயிலும் இரத்தம் கசிய, புதுச்சேரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துபோனார்.

5. அதன் பிறகுதான் சைமன்ராஜ், அறிக்கை அனுப்பும் அமைப்பைத் திறந்து பார்த்தார். அதற்கான கடவுச்சொல் அவரிடம் மட்டுமே உண்டு. நான் அருகில் நின்றேன். அதில் பழைய முகவரி எண் மாற்றப்படாமல் அப்படியே இருந்தது. அந்த எண்ணைக் கொண்ட பழைய கணினியை, பில் போடுவதற்காக அணைக்காமல் வைத்திருந்தார்கள். அறிக்கைகள் அனைத்தும் அதில் போய்க் குவிந்து கிடந்தன. வீராயியுடையதும் இருந்தது. சைமன்ராஜ் என் பக்கம் திரும்பி, "விசாரணையில நான் சொல்லிக்கிறேன், நீ பயப்படாத" என்றார். நான் பயப்படவில்லை.

6. மருத்துவமனை நடத்திய விசாரணையில் அவர், எண்ணை நான்தான் தவறுதலாகப் பழையதற்கே மாற்றினேன் என்றும், அறிக்கை சேராததை யாரிடமும் தெரிவிக்கவில்லை என்றும் கூறினார். என் எதிரிலேயே, என் முகத்தைப் பார்க்காமல் கூறினார். சாமியம்மாளை அழைக்கவே இல்லை. அன்றே வேலையிலிருந்து நீக்கப்பட்டேன்.

மாலையில் அக்காள் வந்தாள். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறாள் என்று கதவைத் திறந்தேன். "நீ கான்ட்ராக்ட்தான எவா, வேற வேலை கெடைக்கும். அவருக்குப் போச்சுன்னா நாங்க என்னா பண்றது? வுட்டுடு" என்றாள். நான் சொல்வது பொய் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐயா, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

7. வீராயியின் கணவர் கலியனிடம் நிர்வாகம் என் பெயரைச் சொல்லியிருக்கிறது. எங்கள் குவார்ட்டர்ஸைத் தேடி வந்தார். சத்தம் போடவில்லை. "ஒரு போன் பண்ணி சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். நடந்ததைச் சொன்னேன். "ஆபீஸ்ல வேற மாரி சொல்றாங்க. நான் யார நம்புறதுங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பழைய கணினியை விரைவில் கழித்துவிடப் போவதாகக் கேள்விப்படுகிறேன். அதற்கு முன் தங்கள் அலுவலகம் அதைக் கைப்பற்றிச் சோதிக்கவும், சாமியம்மாளிடம் வாக்குமூலம் பெறவும் பணிந்து வேண்டுகிறேன். வேலையைத் திரும்பக் கேட்கவில்லை. உண்மை தெரிந்தபின் தங்கள் அலுவலர் ஒருவர் காடாம்புலியூர் சென்று கலியனிடம் நேரில் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவர் நம்பமாட்டார்.

இதனால் என் அக்காள் குடும்பத்துக்கு என்ன நேரும் என்பதை அறிந்தே கையொப்பமிடுகிறேன்.

இடம்: நெய்வேலி
நாள்: 20.11.2017

இப்படிக்கு,
ஆ. எவாஞ்சலின்