ஊஞ்சல் கொக்கியாண்ட ஒரு கரிக்கோடு

அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்தது நீ, நான், சுண்ணாம்பு அரைத்துத் தந்த ரஹீம் பாய், வீட்டம்மா கோமதி, சாரத்தின் மேல் மேஸ்திரியாக உன் வீட்டுக்காரர். அவ்வளவுதான் அக்கா. ஒருத்தரையும் நான் மறக்கவில்லை.

நேற்று சாந்தோமில் நம்ம பேரன் குடியிருக்கிற பழைய வீட்டில் கூரைக்கு அடியில் பூச்சு வேலை. ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்ததும் ஒட்டடைக் கொம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். "இன்னா ஆயா, கூரையப் போட்டு அடிச்சிக்கினு கீற?" என்று சிரித்தான். நீ கற்றுக்கொடுத்தது என்று அவனுக்குத் தெரியாது.

குண்டு விழும் என்று பட்டணத்தை விட்டு ஓடினவர்கள் திரும்பி வந்த வருஷம். மயிலாப்பூரில் அந்த வீடு மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. கூடத்து மேல்காரை பலாப்பழத் தோல் மாதிரி சொரசொரவென்று இருக்கும். பெண்ணுக்குக் கல்யாணம், அதன் மேலேயே பூசி வழவழப்பாக்க வேண்டுமாம். நீ மூங்கில் கழியால் தட்டிக்கொண்டே போனாய். பொக்கென்று சத்தம் கேட்ட இடத்தில் கரியால் ஒரு கோடு. "கோடு போட்டத எல்லாம் கொத்தித் தள்ளிட்டுத்தான் பூசணும்டி. இல்லன்னா ஈரக் கனத்துக்குப் பழசும் சேந்து வந்துடும்" என்றாய்.

கோமதியம்மா அண்ணாந்து பார்த்தார். "பந்தக்கால் நட்ட ஆத்துல தலைக்கு மேல கரியா? அழிச்சுடுங்கோ."

"மஞ்சளாவது குடுங்கம்மா, அதே எடத்துல வெச்சிக்கிறேன்" என்று நீ கேட்டு முடிப்பதற்குள் உன் வீட்டுக்காரர் சுண்ணாம்புத் தண்ணீரால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார். "எனக்கு எல்லா எடமும் ஞாபகம் கீது, போ."

வாசற்படிக்கு மேலே கொத்தினார். மூலையில் கொத்தினார். அப்புறம் கரணையை எடுத்துப் பூச ஆரம்பித்துவிட்டார்.

"மாமா, ஊஞ்சல் கொக்கியாண்ட வுட்டுட்டியே" என்றேன்.

"பாய், பாத்தியா? மச்சினிச்சி மேஸ்திரி ஆயிட்டா!"

பாய் சிரித்தார். நீயும் சிரித்தாய், அக்கா. கொக்கியைச் சுற்றி அவர் அப்பின ஈரக் காரை மினுமினுத்தது. அடுத்த காரைச் சட்டியை நீ தூக்கிக் கொடுக்கும்போது பழசும் புதுசும் ஒரே பாளமாக உன் மேல் வந்து விழுந்தது. தூசி அடங்கினபோது சட்டியைப் பிடித்த உன் கை மட்டும் வெளியே தெரிந்தது.

உன் கைக்குழந்தைக்காக என்னை அவருக்கே கட்டிவைத்தார்கள். அவர் பக்கத்தில் படுத்துக் கூரையைப் பார்த்துப் பார்த்தே கிழவியானேன். கொக்கியாண்ட ஏன் கொத்தாமல் விட்டாய் என்று ஒரே ஒருதரம் கேட்டேன். "அழிக்கச் சொன்னது அந்தம்மாதானே" என்று திரும்பிப் படுத்துவிட்டார். அந்தம்மா அழிக்கத்தான் சொன்னார், மறக்கச் சொல்லவில்லை. அந்தம்மாவை எப்போதோ மன்னித்துவிட்டேன்.

இன்றைக்கும் தட்டிப் பார்க்காமல் எந்தக் கூரையின் கீழும் நான் படுப்பதில்லை. புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள். கூப்பன் கடையில்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைத்தான் சொல்லச் சொல்வேன். அவர் செத்த அன்றைக்கும் அந்தப் பேரைச் சொல்லி நான் அழவில்லை. நான் மன்னிக்காத ஆள் ஒருத்தர்தான் அக்கா. துடைத்தாலும் போகாத மையில் இதோ எழுதுகிறேன்.

முனுசாமி.