வரிசையில் மூன்றாவது பிணம்

ஐந்தாம் லைன், மேல் டிவிஷன்,
ஏலப்பாறை.
7-4-1957, ஞாயிறு

அன்புள்ள மகன் பேச்சிமுத்துவுக்கு அப்பா நல்லதம்பி எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாள் ராமுத்தாயும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அதுபோல உன் சுகத்துக்கும் எழுது என்று எல்லாரும் வழக்கத்துக்குக் கேட்பார்கள், நான் வழக்கத்துக்குக் கேட்கவில்லை, எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருக்கிறது. என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்று வருஷமாக எழுதாதவன் இன்று எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது, வரிசையாகச் சொல்கிறேன், பாதியில் மடித்து வைக்காமல் முழுக்கப் படி. பக்கத்து வீட்டுச் சுவக்கீன் பெயருக்கு நீ போடுகிற கார்டுகள் உன் அம்மாளுக்குத்தான் வருகின்றன என்பதும், அவன் பெண்டாட்டி அன்னாள் அடுப்படியில் உட்கார்ந்து அவற்றைப் படித்துக் காட்டுகிறாள் என்பதும் எனக்கு முதல் கார்டிலிருந்தே தெரியும். ஒற்றைச் சுவர் தடுத்த லைன் வீட்டில் எதை மறைக்க முடியும். சினிமாக் கம்பெனியில் ஆபீஸ் வேலை, மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு என்று நீ எழுதியதைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு நானும் கேட்டிருக்கிறேன்.

இங்கே கோடை மழை இரண்டு தடவை நன்றாகப் பெய்து தேயிலை கொழுந்து தள்ளிக்கொண்டு வருகிறது. பேக்டரியில் ராத்திரியும் மிஷின் ஓடுகிறது, எனக்கு ஒரு மாதமாக ராத்திரி ஷிப்ட். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. கூரைத் தகரம் மாற்றித் தருகிறோம் என்று போன வருஷம் சொன்னவர்கள் இந்த வருஷமும் அதையே சொல்கிறார்கள். புது மந்திரிசபை வந்துவிட்டது என்று லைன் முழுக்கக் கொடி கட்டியிருக்கிறார்கள், ஆனாலும் மந்திரிசபையைப் பற்றிப் பேசுகிறவனைவிடப் பேய்ப் படத்தைப் பற்றிப் பேசுகிறவன்தான் இங்கே அதிகம்.

கம்பத்துக்காரர் ஒருவர் பஜாருக்குக் கீழே இருக்கிற மைதானத்தில் டூரிங் கொட்டகை போட்டிருக்கிறார். போன மாதக் கடைசியில் அதில் ஒரு பேய்ப் படம் வந்தது. பெயர் எழுத வேண்டியதில்லை, உனக்கே தெரியும். மந்திரவாதி ஒருவன் இடுகாட்டில் எலுமிச்சம்பழத்தை உருட்டி ஊதுகிறான், ஆறு பிணங்கள் மண்ணைத் தள்ளிக்கொண்டு எழுந்து வரிசையாக அவன் பின்னால் நடந்துபோய் ஜமீன்தார் வீட்டுக் கதவை உடைக்கின்றன, அதுதான் கதை. ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், நீ அந்தத் தொழிலில் இருப்பதால் எழுதுகிறேன். மரிச்சவுக எந்திரிக்கிறது கடைசி நாள்லதான் அண்ணாச்சி, அதுவும் எக்காளம் ஊதுனாத்தான், எலுமிச்சம்பழத்துக்கெல்லாம் எந்திரிக்க மாட்டாக என்கிறான் சுவக்கீன். சொல்லிவிட்டு மூன்று நாள் போய்ப் பார்த்தான். அன்னாளுக்கு வேறு சந்தேகம், மண்ணுக்குள்ள கெடந்தவனுகளுக்கு வேட்டி எப்படி இம்புட்டு வெளுப்பா இருக்கு, யாரு துவைச்சுக் குடுத்தா என்று கேட்கிறாள். கொழுந்து நிறுக்கிற மலையாளத்துக் கிளார்க் கோட்டயத்தில் இங்கிலீஷ் பேய்ப் படம் பார்த்தவராம், இது பேயல்லா, கோமாளியாணு என்று கையை உதறினார். பேக்டரி ஆட்களுக்குள் இரண்டு கட்சி. பேய்னா கால் தரையில பாவக் கூடாதுல்லா, இவனுக திம்மு திம்முன்னு நடக்கானுக என்று ஒரு கட்சி. இது பேயில்லலே, உசுரு இல்லாத வெறும் உடம்பு, உடம்புக்குக் கனம் இருக்கத்தான் செய்யும் என்று மற்றக் கட்சி. இந்த வழக்கில் ஒரு நாள் அடுப்பைக் கவனிக்காமல் இலை கருகிப்போய்த் துரையிடம் திட்டு வாங்கினவன் நான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒரே பேச்சு. வரிசையில் மூன்றாவதாக வருகிறதே, அதுதான் அசல் பிணம் என்கிறார்கள். மற்ற ஐந்தும் கையை நீட்டிக்கொண்டு நடிக்கின்றனவாம், மூன்றாவது மட்டும் இடது காலை இழுத்து இழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறபோது ஈரக்குலை நடுங்குகிறதாம், அந்த நடையை யார் சொல்லிக்கொடுத்தார்களோ என்று வியக்கிறார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியும். உனக்குப் பத்து வயதில், ஆடி மழையில், இலைச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடு என்று உன்னை விரட்டியவன் நான். நீ சறுக்கி வாய்க்காலுக்குள் விழுந்தாய், கூடலூர் வைத்தியர் போட்ட கட்டு சரியில்லாமல் கால் எலும்பு குட்டையாகக் கூடிவிட்டது. முகத்தில் அப்பிய வெள்ளை மாவில் உன்னை ஊரில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அந்த நடையை வைத்து உன் அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

முதல் நாள் சாயங்கால ஆட்டத்துக்கு அவள் தன்னோடு இலை எடுக்கிற பெண்களோடு போயிருந்தாள். நான் சினிமாப் பக்கம் போகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும், அன்றும் ஷிப்டுக்குப் போய்விட்டேன். கொட்டகைக்குப் பக்கத் தட்டி கிடையாது, நம் ஊர் மஞ்சு சாயங்காலமானால் புகைபோல உள்ளே வந்துவிடும். பிணங்கள் எழுந்து நடக்கிற நேரத்தில் மஞ்சு திரைக்கு முன்னால் இறங்கி, படத்திலிருந்து நேரே ஆட்களுக்குள் நடந்து வருகிற மாதிரி இருந்ததாம். நீ மூன்று எட்டு வைத்ததும் உன் அம்மாள் எழுந்து நின்று எய்யா பேச்சி என்று கத்தியிருக்கிறாள். அடுத்தாற்போல மந்திரவாதி உங்களை மறுபடி குழியில் தள்ளி மண்ணைப் போட்டானாம். ஒரு பொம்பளை அழவில்லை, ஒரு ஆள் தோள் கொடுக்கவில்லை, அனாதையாக மண் விழுந்ததும் இவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துவிட்டாள். நம் பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா. ஒருத்தி மாரடித்தால் யாருக்கு என்று கேட்காமல் தோளைக் கட்டிக்கொண்டு கூட அழுவார்கள், பிறகுதான் விசாரிப்பார்கள். இருபது பேர் வட்டமாக உட்கார்ந்து அழுததில் படம் ஓட்டுகிற மிஷின்காரன் பயந்து படத்தை நிறுத்திவிட்டான்.

அங்கேதான் தப்பு நடந்தது. அழுதவர்கள் வீட்டுக்குப் போய் ராமுத்தாய் மகனுக்கு அழுதோம் என்று சொல்லியிருக்கிறார்கள், கேட்டவர்கள் நல்லதம்பி மகன் மெட்ராசில் போய்விட்டானாம் என்று அடுத்த லைனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். விடியும்போது மூன்று டிவிஷன் ஆட்கள் சாவுக்குத் துட்டி கேட்க நம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறேன், கேட்டில் நின்ற ஆள் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அண்ணாச்சி, மனசத் தேத்திக்கிடுங்க, பேச்சிக்குச் சேதி வந்திருக்காம் என்றான். நான் அப்படியே நடக்க ஆரம்பித்தேன். பேக்டரியிலிருந்து நம் லைனுக்கு ஒரு மைல். அந்த ஒரு மைலும் உன்னைச் செத்துப்போனவனாக நினைத்து நடந்தேன். பேச்சிமுத்து, நீ மெட்ராசுக்குக் கிளம்பிய அன்றைக்கு நான் லைன் குழாயடியில் கட்டின வேட்டியோடு ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, எனக்கு மகன் இல்லை, தலைமுழுகியாச்சு என்று எல்லாரும் கேட்கச் சொன்னேனே, அது அந்த வழியெல்லாம் என்னோடு வந்தது. இடுகாட்டுக்குப் போய்வந்து குளிக்கிற குளியலை உயிரோடு இருக்கிற மகனுக்குக் குளித்தவன் நான். பாதி வழியில் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். யாரும் பார்க்கவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

வாசலுக்குப் போனால் அங்கே வேறு சண்டை. வந்தது சினிமாவில் செத்த சாவு என்று உன் அம்மாள் சொல்லிவிட்டாள், ஆனாலும் துட்டிக்கு என்று வந்தவர்கள் குளிக்காமல் எப்படி வீட்டுக்குப் போவது என்று குழாயடியில் குடத்தோடு வரிசை நின்றுவிட்டார்கள். எம்மவனுக்கு எவனும் குளிக்கக் கூடாது, ஒருத்தன் மேல தண்ணி பட்டாலும் நான் சும்மா இருக்க மாட்டேன் என்று அவள் குழாயை மறித்துக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்த்ததும், இந்தா வந்துட்டாருல்லா, இவுக அன்னைக்கு ஊத்துன ஒரு குடம் தண்ணிதான் எம்புள்ளையப் பொணமாக்கி நடக்க விட்டிருக்கு என்றாள். அத்தனை பேர் முன்னால் சொன்னாள், எனக்குக் கோபம் வரவில்லை. ராத்திரி முழுக்க வேலை பார்த்து உடம்பெல்லாம் தேயிலைத் தூசி, தினமும் நான் நேரே குழாயடிக்குத்தான் போவேன். அன்று குளிக்கவில்லை. அப்படியே போய்ப் படுத்துக்கொண்டேன். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் ஷிப்டை மாற்றிக்கொண்டு நானும் உன் அம்மாளோடு படத்துக்குப் போனேன். நீ நன்றாகத்தான் செய்திருக்கிறாய். கண்ணை மூடாமல் அவ்வளவு நேரம் எப்படி வைத்திருந்தாயோ, எரிந்திருக்கும். எல்லாரும் உன் காலைப் பார்த்தார்கள், உன் அம்மாள் வேட்டிக்கு மேலே தெரிந்த விலா எலும்பைப் பார்த்தாள். ஏங்க, பொணத்துக்கு மாவு பூசுவாக, எலும்புமா பூசுவாக, அங்க ஒரு வாய்ச் சோறு போடுறவக இல்லியா என்று என்னைக் கேட்டாள். ஆபீஸ் வேலையும் மூன்று வேளை ஓட்டல் சாப்பாடும் எங்கே என்று நான் உன்னைக் கேட்கப் போவதில்லை. நீ ஏன் அப்படி எழுதினாய் என்பது எனக்குப் புரிகிறது, உண்மையை எழுதினால் நான் சிரிப்பேன் என்று நினைத்திருப்பாய்.

ஒப்பாரிச் சேதி பரவியதில் குட்டிக்கானத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கொட்டகை நிறைந்துவிட்டது. கொட்டகைக்காரர் நம் வீட்டுக்கே வந்து, ஆத்தா, நீங்க டிக்கட் எடுக்க வேண்டாம், தினமும் வந்து அதே இடத்துல ஒரு தடவை அழுதாப் போதும் என்று கேட்டார். உன் அம்மாள் அவரை வீடு பெருக்குகிற வாரியலைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை விரட்டினாள். ஆனால் தினமும் போகிறாள். பத்து நாளாக வேலை முடிந்து, இலையை நிறுத்துப் போட்டுவிட்டு, கூடையைக்கூட வீட்டில் வைக்காமல் போய்விடுகிறாள். அழுவதில்லை. நீ எழுந்து நடக்கிற அந்த ஐந்து நிமிஷத்தைப் பார்க்கிறாள், மண் போடுவதற்கு முன்னால் எழுந்து வந்துவிடுகிறாள். இன்னிக்கு நல்லா நடந்தான் என்று வந்து சொல்கிறாள். படம் தினமும் ஒன்றுதான் என்று நான் சொல்வதில்லை.

வருகிற புதன்கிழமை கொட்டகையைப் பிரித்து முண்டக்கயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அநேகமாகப் போயிருக்கும். அதற்குப் பிறகு உன்னைப் பார்க்க அவளுக்கு வழியில்லை. நீ வர வேண்டும் என்று அவள் எழுதச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன், வா. வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை, பத்து நாள் இருந்து சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பிப் போ, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அடுத்த படத்தில் உயிரோடு இருக்கிற வேஷமாகக் கேட்டு வாங்கு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற காட்சி கிடைத்தால் உன் அம்மாளுக்கு ரொம்பத் திருப்தியாக இருக்கும். வெயில் ஊரில் இருந்து பழகியவன், மலை ஏறும்போது கம்பளி எடுத்துக்கொள்ள மறக்காதே. கம்பத்தில் பஸ் மாறி வா, மலைப் பாதையில் வயிறு புரட்டும், காலையில் வெறும் வயிற்றோடு ஏறாதே.

நம் குலத்துப் பேச்சியம்மன் உன் கூடவே நடந்து வரட்டும், உன் வயிறு வாடாமல் இருக்கட்டும். எந்த பஸ் என்று ஒரு கார்டு போடு, இந்தத் தடவை சுவக்கீன் பெயருக்கு வேண்டாம், என் பெயருக்கே போடு. நான் ஏலப்பாறையில் பஸ் நிற்கிற இடத்தில் நிற்பேன். மஞ்சு இறங்கி முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நீ இறங்கி மூன்று எட்டு நடந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சு. நல்லதம்பி